மட்டக்களப்பு ஆய்வும் கட்டுரை தேடும் நெறியும்

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழும் மக்களது வரலாற்றை ஆராயப் புகுவோர் முதற்கண் எதிர்நோக்கும் இடர் சான்றின்மையன்று. சான்றுகள் சிதறிக் கிடத்தலே. நூல்கள் ஓரளவு கைக்கெட்டுவன. எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் எழுதிய மாவட்ட வரலாறும், எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகமும் (1964) அத்தகையன. கட்டுரைகளின் நிலை வேறு. கோயில் மலர், பாடசாலை மலர், கழக ஏடு, றோயல் ஆசியக் கழக இலங்கைக் கிளையின் சஞ்சிகை எனப் பல்வேறிடங்களில் அவை புதைந்து கிடந்தன.

வாவிக்கரையில் பல்கலைக்கழகம் எழுந்தது காலந்தாழ்ந்தே. 1981 ஓகஸ்ட் 1இல் வந்தாறுமூலையிலே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1986 ஒக்டோபர் 1இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அதற்கு முன்னர் இப்பகுதி பற்றி விரிவாக ஆராய விழைந்த மாணவர் பேராதனை நூலகத்தை நாடுதல் இயல்பாயிருந்தது. அங்கே அவர்க்கு வழிகாட்டியது, அந்நூலகத்தின் நூலகரான எச். ஏ. ஐ. குணத்திலக தொகுத்த இலங்கை நூல்விவரப் பட்டியலாகும். 1970இல் முதலிரு தொகுதிகள் வெளிவந்தன. 1983இல் ஐந்து தொகுதிகளாக அது நிறைவுற்றது. நூல்களோடு சஞ்சிகைக் கட்டுரைகளையும் பொருள்வாரியாகப் பகுத்துத் தருவதே அதன் தனிச்சிறப்பு. பொருட்டலைப்பைப் பார்த்து, சஞ்சிகையின் பெயர், தொகுதி, பக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அடுக்கை நோக்கிச் செல்லலாம்.

எனினும் அப்பட்டியல் மேலைமொழி எழுத்துக்களை மாத்திரமே தழுவியது. இதன் விளைவு சிறிதன்று. முக்குவர் பற்றியோ குடிமுறை பற்றியோ வெளிநாட்டார் எழுதியதைச் சில நிமிடங்களிற் கண்டுபிடிக்க முடிந்த மாணவர், அதே பொருள்பற்றி உள்ளூர்ப் பண்டிதர் எழுதிய தமிழ்க் கட்டுரையை அறியப் பலரையும் வினவி அலைய வேண்டியிருந்தது. காரைதீவிற் பிறந்து, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலானந்த அடிகளின் கட்டுரைகள்கூட, அருள் செல்வநாயகம் தேடித் தொகுத்தமையாலேயே பலர் கைக்கு வந்தன. நூலகம் செய்திருக்க வேண்டிய பணியைத் தனியொருவர் செய்தார் எனலாம்.

நூலக அட்டைப் பட்டியலுக்கும் ஓர் எல்லையுண்டு. டெனிஸ் மக்கில்வ்ரே முக்குவர் வன்னிமை பற்றி எழுதிய கட்டுரை, 1982இல் சாதிக் கருத்தியல் குறித்த கேம்பிரிட்ஜ் தொகுப்பொன்றில் வெளிவந்தது. அட்டை தொகுப்பின் பெயரையே சொல்லும். மட்டக்களப்பு என்ற சொல் அதில் இராது. அடிக்குறிப்புக்களைப் பின்தொடர்ந்து செல்பவர்க்கே அக்கட்டுரை அகப்படும். அனுபவமிக்க ஆய்வாளர் பலரும் பட்டியலினும் அடிக்குறிப்பையே பெரிதும் நம்பியமைக்குக் காரணம் இதுவே.

இடையே நேர்ந்த இழப்புக்கள் பல. 1981 யூன் முதலாந் தேதியளவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியுண்டது. 1990இல் வந்தாறுமூலை வளாகம் அகதிகளின் புகலிடமாயிற்று.

என். செல்வராஜாவின் நூல்தேட்டம் 2002 முதல் ஈழத்தவர் நூல்களைத் தொகுதிக்கு ஆயிரமாகப் பதிவு செய்தது. ஆயினும் அது நூல்களுக்கானது. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகமோ இதழ்களையும் மலர்களையும் படிமங்களாகச் சேர்த்ததோடு, பலவற்றின் உள்ளடக்கத்தையும் தட்டெழுதித் தந்தது. இதனால் மலரின் பெயரறியாதவரும் கட்டுரைத் தலைப்பைக் கொண்டு அதனை அடையலாம். ஆயின் தலைப்பில் ஒருவர் ‘குடி’ என்றதை மற்றொருவர் ‘தாய்வழி’ என்றிருப்பர். தேடுவோர் இரண்டையும் இட்டுப் பார்த்தல் வேண்டும்.