கரி வாரிய கரங்கள்

டைட்டானிக் கதையைக் கேளாதார் யார்? அலைமீது மிதந்த ஆடம்பர மாளிகை அட்லாண்டிக்கின் ஆழத்தில் அடங்கிய கதை! மூழ்கிய கப்பலின் பெயர் நிலைத்தது. கைகொடுத்த கப்பலின் பெயரோ மங்கிற்று. கார்பேத்தியா என்பது அதன் பெயர்.

சீமான்களுக்கென்றே சமைத்த கப்பலன்று அது. பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற ஏழை எளியோரை ஏற்றி இறக்கிப் பழகிய கப்பல். அதன் வழக்கமான வேகம் மணிக்கு 14 கடல் மைல். 1912 ஏப்ரல் 11இல் நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக் கடல் நோக்கிப் புறப்பட்டது.

ஏப்ரல் 14 நள்ளிரவு கடந்த வேளை. கம்பியில்லாத் தந்தியாளர் ஹரால்டு காட்டம், 21 வயது இளைஞர், உறங்கப் போகும் நேரம். மேலங்கியைக் கழற்றியாயிற்று, காதுக் கருவியை மட்டும் இன்னும் கழற்றவில்லை. அந்தக் காதில் விழுந்தது டைட்டானிக்கின் அபயக் குரல்! ஓடினார், உறக்கத்திலிருந்த கப்பல் தலைவர் ஆர்தர் ராஸ்ட்ரனை எழுப்பினார். கப்பலைத் திருப்புமாறு ஆணையிட்ட பிறகே, "செய்தி உறுதிதானா?" என்று வினவினார் ராஸ்ட்ரன்.

இடையே 58 மைல், வழியெங்கும் பனிப்பாறைகள். கண்காணிப்போர் தொகையைப் பெருக்கினார். ஓய்விலிருந்த கரித் தொழிலாளரையும் எழுப்பிக் கொதிகலன்களுக்கு அனுப்பினார். அறைகளுக்குச் செல்லும் வெந்நீரையும் வெப்பத்தையும் நிறுத்தி, நீராவி முழுவதையும் இயந்திரத்திற்கே திருப்பினார். கம்பளி, சூடான பானம், மூன்று மருத்துவர், குழந்தைகளைத் தூக்கப் பைகள், நம்பிக்கையூட்ட வாணங்கள்! எதுவும் தானாக நிகழவில்லை. ஒவ்வொன்றும் ஒருவர் எண்ணி, மற்றொருவர் செய்தது.

விடியுமுன் நான்கு மணியளவில் கார்பேத்தியா அங்கே சேர்ந்தது. டைட்டானிக் மூழ்கி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகியிருந்தது. படகுகளில் நடுங்கிக் கிடந்த 700க்கும் மேற்பட்டோர் கரை கண்டனர். ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர்.

"ஆண்டவன் அருள்!" என்றனர் பக்தர்கள். ராஸ்ட்ரனும் பக்தரே. சுக்கானைப் பற்றியது தம் கையன்று, வேறொரு கை என்று அவரும் கருதினார். அவருடைய அடக்கத்தைப் போற்றுவோம். ஆயினும் கேட்போம்: அந்தக் கை, 1,500 பேர் உறைபனி நீரில் தத்தளித்தபோது எங்கே இருந்தது? காணாத கையை வணங்குவோர், கண்முன் உழைத்த கைகளை மறந்துவிடுகின்றனரே! கப்பலின் அடிவயிற்றில், அனலின் முன்னே நின்று, மூன்றரை மணி நேரம் கரி வாரிப் போட்ட கரங்கள் அவை. கப்பலை விரட்டியது அந்தக் கரிதான், கடவுளன்று.

காட்டம் சற்று முன்னதாகவே உறங்கியிருந்தால்? விடை தேடித் தொலைவு செல்ல வேண்டாம். கலிபோர்னியன் என்ற கப்பல் இன்னும் அருகிலேயே நின்றிருந்தது. அதன் ஒரே தந்தியாளர் உறங்கிவிட்டார். வானில் வெடித்த வாணங்களைக் கண்டவர்களும் அவரை விடியும்வரை எழுப்பவில்லை. ஒரு கப்பலில் ஒருவர் விழித்திருந்தார். மற்றொன்றில் ஒருவர் உறங்கினார். நூற்றுக்கணக்கானோர் உயிர் அந்த நூலிழையில் தொங்கிற்று!

இது விதியா? இல்லை, விதிமுறை இல்லாமையின் விளைவு. ஏறத்தாழ 2,200 பேர் ஏறிய டைட்டானிக்கின் படகுகளில் இடம் 1,178 பேருக்கே. அன்றைய சட்டம் அதற்கு மேல் கேட்கவுமில்லை! நாடுகள் விழித்தன. 1914இல் லண்டனில் கூடி ஒப்பந்தம் வகுத்தன: கப்பலிலுள்ள அனைவருக்கும் படகில் இடம், இரவும் பகலும் தந்திக் காவல், பனிப்பாறைக் கண்காணிப்பு. போர் குறுக்கிட்டதால் அது திட்டமிட்டபடி நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும் பாதை பிறந்தது. நற்பேற்றை நம்பியிருந்த பயணியின் உயிரைச் சட்டத்தின் பொறுப்பில் வைத்தது மனித அறிவு.

பிழைத்தோர் நன்றி மறக்கவில்லை. ராஸ்ட்ரனுக்கு வெள்ளிக் கோப்பை அளித்தனர். கப்பல் ஊழியர் 300க்கும் மேற்பட்டோருக்குப் பதக்கம் சூட்டினர். 1926இல் ராஸ்ட்ரனுக்கு 'சர்' பட்டமும் வந்தது. தகுதியான பெருமைதான்.

1918 ஜூலை 17. முதல் உலகப் போர். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய குண்டுகள் கார்பேத்தியாவைக் கடலில் ஆழ்த்தின. மாண்டவர் ஐவர். யார் அவர்கள்? தலைவரல்லர்; சீமானுமல்லர். ஐவரும் கரி சுமந்து தீ வளர்த்த தொழிலாளர்!

பட்டம் மேல்தளத்தோடு நின்றது. சாவு கீழ்த்தளத்தைத் தேடிப் போயிற்று. வரலாறு படிக்கும் இளைஞனே, தலைவனின் பெயரைக் கற்றுக்கொள், தவறில்லை. ஆனால், தீ மூட்டியவன் யார் என்றும் கேள்!