அவிநாசிக் கிரகணமும் ஷட்டர் ரிலீஸும்

1871 டிசம்பர் 12 காலையில் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் நிழல், மேற்குக் கரையில் பேக்கலைத் தொட்டு, நீலகிரியையும் அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தையும் புதுக்கோட்டையையும் கடந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்றது. அதைக் காண, சென்னை வானாய்வகத்தின் அரசு வானியலாளர் நார்மன் பாக்சன், இன்று திருப்பூர் மாவட்டத்தில் அடங்கும் அவிநாசிக்கு வந்தார். அதே கிரகணத்தைப் பேக்கலில் ஐந்து படங்களாகவும் தொட்டபெட்டாவில் ஆறு படங்களாகவும் எடுத்தார்கள். இரண்டு நிமிடத்தை ஒட்டிய இருளுக்குள் கிடைத்த எண்ணிக்கை அவ்வளவே என்பதற்கு, அக்காலத்து ஈரக் கொலோடியன் தகடே காரணம்: வெள்ளி உப்பில் தோய்த்த கண்ணாடியை ஈரம் உலர்வதற்குள் ஒளிபடச் செய்து, கையோடு கழுவியும் ஆகவேண்டும்.

ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விட்டு நிறுத்தும் கதவு, அந்நாளில் பெரும்பாலும் லென்ஸின் மூடிதான். அதைக் கையால் கழற்றினால் கருவி அதிரும். ஆகவே தேர்ந்தவர்கள் கறுப்பு அட்டையொன்றை லென்ஸின் முன் தொடாமல் பிடித்து, மூடியைக் கழற்றி, அதிர்வு அடங்கியபின் அட்டையை விலக்கினார்கள். பிற்கால ஷட்டர் ரிலீஸின் கருத்து முழுவதும் இந்த எளிய உபாயத்திலேயே இருந்தது எனலாம். பின்னர் ரப்பர்ப் பந்தை அழுத்திக் காற்றால் கதவைத் திறந்து வைக்கும் முறையும், உறைக்குள் ஓடும் கம்பியால் இயங்கும் கேபிள் ரிலீஸும் வந்தன. இன்று அவ்வேலையை மின்கம்பியும் ரிமோட்டும் செய்கின்றன.

நீண்ட நேரம் கதவைத் திறந்து வைப்பதற்குப் பொருள் ஏற்பட்டது, ரிச்சர்ட் மேடாக்ஸ் அதே 1871இல் வெளியிட்ட ஜெலட்டின் உலர்தகட்டினால்தான். அத்தகைய தகட்டில் 1880இல் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் பதிவுசெய்தார். தமிழகத்தில் நீண்ட நேரம் வானைப் பதிவுசெய்யும் இம்மரபு வேரூன்றிய இடங்களில் ஒன்று ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகம். அங்கே 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் ஷ்மிட் தொலைநோக்கியால் கண்ட சிறுகோளுக்கு இராமானுஜன் பெயர் இடப்பட்டது.

அவிநாசியைச் சூழ்ந்த நிலத்திலோ கை அதிர்வைவிட ஊர் வெளிச்சமே பெருந்தடை. இரவு ஷிப்ட் ஓடும் பனியன் கம்பெனிகளும் தெருவிளக்குகளும் வானடியில் பரப்பும் ஒளி, கதவு திறந்திருக்கும் நேரத்தோடு சேர்ந்து பெருகிப் படத்தை வெளுக்கச் செய்கிறது. விண்மீன்களின் சுழல்தடங்களைப் படமெடுப்பதில் இது இன்னும் சிக்கலாகிறது: விண்மீன்கள் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் வட்டமிடும் வடதுருவப் புள்ளி, 11 பாகை அட்சரேகையை ஒட்டிய இப்பகுதியில் தொடுவானத்திலிருந்து அதே 11 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. பல்லடத்திலிருந்து வடக்கே கேமராவைத் திருப்பினால், அப்புள்ளிக்குச் சற்றுக் கிழக்கே தாழ்வாகத் திருப்பூரின் ஒளிக்குவியல் அமைந்துவிடுகிறது. எனவே ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் திறந்து வைப்பதற்குப் பதில், இடைவெளியைத் தானே எண்ணும் ரிலீஸ் கருவியால் அரை நிமிடப் படங்களை அடுத்தடுத்து நூற்றுக்கு மேல் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதே இத்தகைய இடங்களுக்கு ஏற்ற முறை.