உலர்சலவை

புதுச்சேரியின் தட்டாஞ்சாவடிப் பக்கம் பட்டுச்சேலையைச் சலவைக்குப் போட்டால் சீட்டில் ‘டிரைவாஷ்’ என்றுதான் எழுதித் தருவார்கள். தமிழில் உலர்சலவை. பெயரை நம்பித் துணி நனையாது என்று எண்ண வேண்டாம். நன்றாகவே நனையும், தண்ணீரில் அல்ல, கரைப்பானில். இங்கே ‘உலர்’ என்றால் ‘நீர் படாத’ என்பது மட்டுமே பொருள். பிரெஞ்சிலும் ‘நெத்துவாயாஜ் அ செக்’, அதே பொருள்தான். இந்தத் தொழில் வணிகமாக வளர்ந்ததே 19ஆம் நூற்றாண்டுப் பாரிசில்; அன்று டர்பன்டைன், பிறகு பெட்ரோலியக் கரைப்பான். பழைய கடைப் பலகைகளின் ‘பெட்ரோல் வாஷ்’ அதன் மிச்சம். பின்னாளில் பெர்குளோரோஎத்திலீன் வந்தது.

‘சலவை’ தெலுங்கு ‘சலுவ’வுக்கு உறவு. அங்கே குளிர்ச்சிக்கும் வெளுத்த துணிக்கும் அந்த ஒரே சொல். நம் சலவைக்கல் அங்கே சலுவராயி. நமக்கு ‘வெளுப்பு’ இருந்தும் சலவையே நிலைத்துவிட்டது.

கரைப்பான் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். வியர்வையும் பாயசக் கறையும் நீரில் கரைபவை, அதற்கு எளிதில் மசியா. ஆகவே சீட்டுப் போடும்போதே எந்தக் கறை, எங்கே என்று காட்டிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, நிழலில் காற்றாட விட்டபின் பீரோவில் வையுங்கள்.