டைகர் பாம் போத்தலுக்குள் ஒரு தீவு

தலையிடி, தடிமன் வந்தால் எங்கள் வீடுகளில் முதலில் தேடுவது அந்தச் சின்ன டைகர் பாம் போத்தலைத்தான். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசனைக்குக் காரணமானவற்றில் ஒன்று கஜபுட் எண்ணெய். நம் பழைய வைத்தியர்கள் இதைக் கையாப்புடைத் தைலம் என்பார்கள். இரண்டு பெயருமே மலாய் மொழியின் 'காயு பூத்தே'யிலிருந்து வந்தவை. காயு என்றால் மரம், பூத்தே என்றால் வெள்ளை. வெள்ளை மரம்.

அதன் பட்டை மெல்லிய கடதாசித் தாள்களை அடுக்கி வைத்தது போல உரியும். காட்டுத் தீ வந்தாலும் அந்த அடுக்குகள் உள்மரத்தைக் காக்கும். கொஞ்ச நாளில் அடிமரத்திலிருந்தே மீண்டும் துளிர்க்கும். மலாய்க்காரர் இதை 'கெலாம்' என்றும் அழைப்பர். படகின் பலகை இடுக்குகளை அடைக்க இந்தப் பட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். சிங்கப்பூரில் சுல்தான் பள்ளிவாசல் இருக்கும் கம்போங் கெலாம் பகுதிக்கு அந்தப் பெயர் வந்தது இந்த மரத்தால்தான்.

இந்த எண்ணெய்க்குப் பேர்போன இடம் இந்தோனேசியாவின் மலுக்குப் பகுதியிலுள்ள புரு தீவு. அதன் கதையை நாம் ஏன் அறிய வேண்டும்? அதை எழுதியவர்களும் நம் கரையோரத்தை ஆண்டவர்களும் ஒரே ஆட்கள்: ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி.

வகுப்பில் ஒல்லாந்தர் காலம் என்றதும் பிள்ளைகள் 'கறுவா' என்று சொல்லிவிடுவார்கள். இங்கே கறுவாவைக் காவல் போட்டுக் காத்தார்கள். மலுக்குவில் கராம்புக்கு வேறு வழியைக் கண்டுபிடித்தார்கள். எல்லா இடத்திலும் கராம்பு விளைந்தால் விலை விழும். ஆகவே தங்கள் பிடியிலிருந்த அம்பொன் பக்கத்தில் மட்டும் மரத்தை வைத்துக்கொண்டு, மற்றத் தீவுகளில் அழிக்க முடிவெடுத்தார்கள். 1652 இல் தெர்னாத்தே சுல்தான் மண்டார்ஷாவுடன் ஒப்பந்தம் எழுதினார்கள். ஆண்டுதோறும் அவருக்கு ஒரு தொகை; அவரது ஆட்சிக்குட்பட்ட தீவுகளில் கராம்பு மரங்களுக்குக் கோடரி. புருவும் அதில் அகப்பட்டது. எதிர்த்தவர்கள் மீது போர் தொடுத்தார்கள். 'ஹொங்கி' என்ற படகுப் படையை அனுப்பி மரங்களை வெட்டச் செய்தார்கள்.

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அதே ஆண்டில் புருவின் காயெலி குடாவில் கோட்டை அமைத்தார்கள். தீவின் முஸ்லிம் தலைவர்களையும் அவர்களது ஊர்களையும் கோட்டையின் அருகே குடியேற்றினார்கள். கண்ணுக்கு முன்னால் இருந்தால்தானே கட்டுப்படுத்தலாம்!

கராம்பு போன மண்ணில் மிஞ்சியது எரித்தாலும் சாகாத காயு பூத்தே. தாவரவியல் படி இரண்டும் ஒரே குடும்பம்; நம் கொய்யாவும் நாவலும்கூட அந்தக் குடும்பம்தான். புரு மக்கள் அதன் இலையைப் பறித்து, செம்புப் பாத்திரத்தில் நீரோடு காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து எண்ணெய் எடுத்தார்கள். பழைய எண்ணெயில் தெரிந்த பச்சை நிறத்துக்கு அந்தச் செம்பும் ஒரு காரணம்.

மரத்தை உலகுக்கு விவரித்தவர் அம்பொனில் கம்பனிச் சேவையில் இருந்த ரும்பியஸ். 1670 இல் பார்வை போனது. 1674 நிலநடுக்கத்தில் மனைவியும் மகளும் இறந்தார்கள். 1687 தீயில் அவரது ஓவியங்கள் எரிந்தன. 1692 இல் கையெழுத்துப் பிரதியை ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கியது. நல்ல வேளை, ஒரு பிரதி பத்தாவியாவில் இருந்தது. அவர் இறந்து ஏறத்தாழ 40 ஆண்டுகளின் பின், 1741 இல்தான் நூல் வெளிவரத் தொடங்கியது.

1830களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் கொலரா பரவியபோது இதுதான் மருந்து என்று நம்பி, எண்ணெயின் விலை எகிறியது. கொலரா அதனால் குணமாகவில்லை. காயெலியின் பெயர் மட்டும் வியாபாரிகளின் வாயில் நிலைத்தது.

கதை அதோடு முடியவில்லை. 1969 முதல் 1979 வரை சுஹார்த்தோ அரசு விசாரணையின்றி சுமார் 12,000 பேரைப் புருவில் அடைத்தது. எழுத்தாளர் பிரமோத்யா அனந்த தூர் அவர்களில் ஒருவர். காடு வெட்டி வயல் செய்த அந்தக் கைதிகள் இந்த எண்ணெயையும் காய்ச்சினார்கள்.

ரும்பியஸின் பெயரை நாம் அறிவோம். இலை பறித்தவர்கள், அடுப்பு மூட்டியவர்கள், கராம்பு மரத்தை இழந்தவர்கள் யார் பெயரும் நம்மிடம் இல்லை. நம் கறுவா உரித்தவர்களின் நிலையும் அதேதான். பரீட்சைக்கு ஆண்டும் ஆளுநர் பெயரும் போதும் என்று நாங்கள் ஆசிரியர்களும் பல வேளைகளில் விட்டுவிடுகிறோம். அது எங்கள் குறை.

அடுத்த முறை ஒல்லாந்தர் பாடம் வரும்போது வகுப்புக்கு ஒரு டைகர் பாம் போத்தலைக் கொண்டு போவோம். பிள்ளைகள் மணந்து பார்க்கட்டும். பிறகு கேட்போம்: இதைக் காய்ச்சியது யார்?