அறைக்கு வெளியே நின்றவர்: 1961ஆம் ஆண்டு மலாய் நகைச்சுவைப் படமொன்றில் குடியிருப்பும் இனமும்

பி. ரம்லி இயக்கி நடித்து 1961இல் வெளிவந்த 'செனிமான் பூஜாங் லாபோக்' என்னும் மலாய்ப் படத்தைச் சிங்கப்பூரின் குடியிருப்பு வரலாற்றுக்குரிய சான்றாகவும் கொள்ளலாம் என்பது நம் கருத்து. நடிகராக விழையும் மூன்று ஏழைப் பிரமச்சாரிகளின் கதை அது. அவர்கள் தங்கியிருப்பது பல குடித்தனங்கள் நெருக்கியடித்து வாழும் வாடகை வீடு. நள்ளிரவில் ஒருவர் ஊதுகுழல் பழகுகிறார். மற்றொருவர் மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்கிறார். உறக்கமும் தனிமையும் கூட விலை கொடுத்துப் பெற வேண்டியவை என்பதே இங்கு நகைப்புக்கு அடிப்படை. கதையின் இறுதிப் பகுதியில் முரடன் ஒருவன் அவ்வீட்டுக்குத் தீவைக்கிறான். அதே ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடிழக்கச் செய்தது. அவ்விபத்தைப் படம் சுட்டுகிறது என்று கூறுவதற்கில்லை. எனினும், 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளை எழுப்பத் தொடங்கிய காலத்தில், தீ என்பது நகர ஏழைகள் நன்கறிந்த அச்சமாக இருந்தது.

வீட்டினுள் வாழ்வோர் மலாய்க்காரர். வர்க்க வேற்றுமை அங்கு நுட்பமாகவே புலப்படுகிறது. இன வேற்றுமையோ படப்பிடிப்புக் கூடத்தின் வாயிலில் வெளிப்படையாகத் தோன்றுகிறது. உள்ளே செல்ல முயலும் மூவரையும் சீக்கியக் காவலர் தடுத்து, இவர்களும் நடிகராவதா என எள்ளுகிறார். பார்வையாளர் அவருடைய கொச்சை மலாயைக் கேட்டுச் சிரிக்கின்றனர். அவரோ மூவரின் வறிய தோற்றத்தைக் கண்டு சிரிக்கிறார். ஏளனம் இருபுறமும் பாய்வதாலேயே இக்காட்சியை வெறும் இனக்கேலி என ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை.

அந்த வாயிலுக்குப் பின்னால் இருந்த உலகையும் நோக்க வேண்டும். ஜாலான் அம்பாசில் இயங்கிய அக்கூடத்தின் முதலாளிகள் ஷா சகோதரர்கள். நடிகர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர். தொடக்ககால இயக்குநர்களில் பலர் இந்தியர். ரம்லியைப் பினாங்கிலிருந்து அழைத்து வந்தவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ், 'பக்தி' (1950) படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன். இந்தியர் அங்கே கதவைத் திறந்துவிட்டவராகவும் இருந்தனர்; திரையில் கதவை மறிப்பவராகவே நிற்கின்றனர்.

நம் மக்கள் 'ஜாகா' என்றழைத்த அக்காலக் காவலர் பலர், தாம் காத்த கட்டடங்களின் வாயிலிலேயே கயிற்றுக்கட்டிலில் உறங்கினர். ஊதுகுழல்காரருக்கும் ஓர் அறை தந்த படம், இக்காவலர் எங்கே உறங்கினார் என்று காட்டவில்லை.