முதுமைக்கு இடமில்லாத தோட்டங்கள்

மலாயாத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கப்பலேறி வந்தவர் தொகையை எழுதினர். காய்ச்சலில் மாண்டவர் தொகையை எழுதினர். கூலியின் ஏற்ற இறக்கத்தையும் காசு கணக்குப் பிசகாமல் எழுதினர். அத்தோட்டங்களில் முதுமையடைந்தவர் எவ்வாறு நடந்தனர், எவ்வாறு குளித்தனர், யார் கையால் உண்டனர் என்பதை எழுதியவர் மிகச் சிலரே. இதற்கு எழுத்தாளரை மட்டும் குறைகூறல் பொருந்தாது. பழைய அறிக்கைகளில் முதியவர் அரிதாகவே தென்படுகின்றனர். தொழிலாளி முதுமையடைவது வேறோர் இடத்தில் நிகழ வேண்டியது என்னும் எண்ணத்தின் மேல்தான் தோட்ட முறையே எழுப்பப்பட்டிருந்தது.

கங்காணி தன் ஊருக்குச் சென்று ஆள் திரட்டியபோது, வலிவுள்ள இளைஞரையே நாடினான். ஒப்பந்தக் கூலி முறை 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட பின்னரும் இந்நிலை மாறவில்லை. 1907-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி தொழிலாளரின் கப்பற் செலவை ஏற்றது. அதே நிதியிலிருந்துதான் உழைக்க இயலாதவராய்ப் போனோரைத் தாயகத்துக்குத் திருப்பியனுப்பும் செலவும் கொடுக்கப்பட்டது. 1930-ஆம் ஆண்டை அடுத்து இரப்பர் விலை வீழ்ந்தபோது, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் சில ஆண்டுகளுக்குள் திருப்பியனுப்பப்பட்டனர். வலிவைத் தோட்டம் எடுத்துக்கொண்டது; தளர்ச்சியைத் தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் இருந்த சிற்றூர்கள் ஏற்றுக்கொண்டன. அச்சிற்றூர்களில் அவர்கள் எத்தனை ஆண்டு வாழ்ந்தனர் என்பதை மலாயாவின் கணக்கேடு பதிந்து வைக்கவில்லை.

இனி, அத்தளர்ச்சி எங்கிருந்து வந்தது என்பதை நோக்குவோம். முதுமையில் வரும் இயலாமைக்கு வயதே காரணம் என்பது பொதுமக்களின் எண்ணம். அது பாதி உண்மை. எழுபது வயதில் மாடிப்படி ஏறுபவரும் உண்டு. ஐம்பத்தைந்து வயதில் பிறர் தோளைப் பற்றி எழுபவரும் உண்டு. இவ்விருவர்க்கும் இடையிலுள்ள வேற்றுமையை விளக்குவது அவர்கள் வாழ்ந்து கடந்த ஆண்டுகளே. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ், 1963-ஆம் ஆண்டில் இயலாமையை அளப்பதற்கு எளியதோர் அளவுகோலை வெளியிட்டார். குளித்தல், உடுத்தல், கழிவறை செல்லல், படுக்கையிலிருந்து எழுந்து அமர்தல், சிறுநீர் மலங்களை அடக்கல், உண்ணல் ஆகிய ஆறும் பிறர் துணையின்றி இயலுமா என்பதே அவர் வினவியது. இவற்றுள் குளிப்பதே பெரும்பாலும் முதலில் கைவிட்டுப் போகும்; உண்பது இறுதியில் போகும். குழந்தை கற்றுக்கொள்ளும் வரிசைக்கு இது நேர் எதிரான வரிசை என்பதையும் அவர் கண்டார்.

தோட்டத்து உடலைத் தேய்த்தவற்றுள் முதலாவது மலேரியா. கொசுவே அந்நோயைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ரோஸ் 1897-ஆம் ஆண்டில் இந்தியாவில் நிறுவினார். நான்கு ஆண்டுகளுக்குள், 1901-இல், மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பை வடித்தும் புதரை அகற்றியும் அந்த அறிவைச் செயலாக்கிக் காட்டினார். ஆனால், மலைச்சரிவுத் தோட்டங்களில் நிழலை வெட்டி அகற்றியபோது, தெளிந்த ஓடை நீரில் வெயிலை விரும்பும் வேறோர் இனக் கொசு பெருகியது. சதுப்பு நிலத்தில் நோயைப் போக்கிய மருந்தே மலைப்பகுதியில் நோயை வளர்த்தது எனலாம். அந்த வேற்றுமையைக் கண்டறிய ஆண்டுகள் பல ஆயின. அதற்குள் மாண்டவர் பலர்.

இரண்டாவது கொக்கிப்புழு. இது கொல்வதைக் காட்டிலும் குன்றச் செய்யும் நோய். கழிவறை இல்லாத லயங்களைச் சுற்றியிருந்த ஈர மண்ணில் இதன் முட்டை பொரியும். வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். நுரையீரல் வழியாகக் குடலை அடைந்து ஆண்டுக்கணக்கில் குருதியை உறிஞ்சும். 1915-ஆம் ஆண்டில் ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய குழு, சாமுவேல் டார்லிங் என்பவரின் தலைமையில் மலாயாவிலும் சாவகத்திலும் பிஜித் தீவுகளிலும் ஆராய்ந்தது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் சேர்ந்து தொழிலாளரின் குருதிச் சிவப்பைக் குறைத்தமையை அக்குழு அளந்து எழுதியது. ‘சோம்பேறிக் கூலி’ என்று துரைமார் ஏசிய ஆளின் உடலில் வேலைக்கு வேண்டிய குருதியே இல்லை.

குருதி குன்றிய தாய்க்குப் பிறக்கும் குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. அதன் விளைவு குழந்தைப் பருவத்தோடு முடியும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911-ஆம் ஆண்டு முதல் குழந்தைகளின் பிறப்பெடையை ஏட்டில் பதிந்து வைத்திருந்தனர். அத்தகைய பழைய ஏடுகளைக் கொண்டு டேவிட் பார்க்கர் என்னும் மருத்துவர், எடை குறைந்து பிறந்தோரிடையே பிற்காலத்தில் இதயநோயும் நீரிழிவும் மிகுதியாய் இருத்தலை 1980-களிலும் 1990-களிலும் காட்டினார். நம் லயங்களில் பிறந்தோர்க்கு அத்தகைய ஏடு கிடைப்பது அரிது. ஆயினும், 2019-ஆம் ஆண்டில் மலேசிய அரசு நடத்திய உடல்நல ஆய்வில், நாட்டின் பெரியவர்களுள் 100-க்கு 18.3 பேர்க்கு நீரிழிவு என்றும், இந்தியர்க்கு மட்டும் அது 31.4 என்றும் கண்டனர். உணவும் மரபும் இதற்குக் காரணங்களே. தாயின் சோகையைக் காரணங்களின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதற்குத் தக்க நியாயம் இல்லை. நீரிழிவு முற்றினால் முதலில் பாதத்தின் உணர்ச்சி போகிறது. பின்னர்ப் புண் வருகிறது. சிலர்க்குக் காலே போகிறது. தாயைக் குன்றச் செய்த புழுவும் காலின் வழியேதான் புகுந்தது.

அடுத்தது தொழில். பால்மரம் வெட்டுதலை எளிய வேலை என்று எண்ணுவோர் அதனைக் கண்டறியாதார். குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். ஆதலின் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஏறத்தாழ ஐந்நூறு மரங்கள். இளம் மரத்தில் நெஞ்சளவில் தொடங்கும் வெட்டு, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கீழிறங்கி அடிமரத்தை நெருங்கும். நெஞ்சளவில் நின்று வெட்டியவர், அப்பட்டை தீரும் நாளில் குந்தியும் முதுகை வளைத்தும் வெட்டுவார். பட்டை தீர்ந்த முதுமரமாயின், தலைக்கு மேலே அண்ணாந்து வெட்டுதலும் உண்டு. பின்னர் மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பின் இருமுனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் நிறுவைக் கொட்டகை வரை சுமக்க வேண்டும். முழங்கால், இடுப்பு, தோள் ஆகிய மூன்று மூட்டுக்கும் இதைவிடக் கடுமையான சோதனை வேறு தேவையில்லை.

பெண்ணுக்கு இதன் பின்னும் வேலை இருந்தது. அவள் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வெட்டுக்குப் போனாள். திரும்பி வந்து விறகும் நீரும் சுமந்தாள். 1928-ஆம் ஆண்டில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு என வகுத்தபோது பெண்ணுக்கு 40 காசு என்றனர். பிற்காலத்தில் களைக்கொல்லி தெளிக்கும் வேலையும் பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுந்தது. பாராகுவாட் என்னும் நஞ்சு முதுகிலேற்றிய தொட்டியிலிருந்து கசியும். நகம் கழன்றது, மூக்கில் குருதி வடிந்தது, தோல் புண்ணானது. மலேசிய அரசு அதனை 2002-ஆம் ஆண்டில் தடுத்தது; 2006-இல் மீண்டும் இடமளித்தது; 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் முற்றாகத் தடை செய்தது. அதற்குள் எத்தனையோ தெளிப்புக்காரர்கள் முதுமையடைந்து வேலையிலிருந்து நின்றுவிட்டனர்.

1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்ததும், பின்னர்ப் போர் மூண்டதும் பழைய கணக்கை முறித்தன. சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழருள் மீண்டு வந்தோர் சிலர், அழுகிய புண்ணால் கால் இழந்து வந்தனர். திரும்பிச் செல்ல ஊரில்லாத தலைமுறை இங்கேயே மூப்படையத் தொடங்கிற்று. அம்மூப்புக்குத் தோட்டம் ஆயத்தமாக இல்லை. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊழியர் சேமநிதி வந்தது. மிக நல்ல சட்டம். ஆனால், சிறு கூலியிலிருந்து சேர்வது சிறு தொகையே. அது 55 வயதில் மொத்தமாகக் கைக்கு வந்து, ஒரு மகளின் திருமணத்தோடு தீர்ந்த வீடுகள் எண்ணற்றவை. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி சொக்சோ வந்தது. எந்திரத்தில் விரல் போனால் அதற்கு ஈடு பெறலாம். முப்பது ஆண்டுகளில் மெல்லத் தேய்ந்த முழங்காலைத் தொழிலால் வந்த கேடு என்று மெய்ப்பித்து ஈடு பெறுதல் எளிதன்று.

வேலை நின்றால் லயத்து வீடும் போகும். பிள்ளைகளுள் ஒருவராவது தோட்டத்தில் பெயர் கொடுத்திருந்தால்தான் முதியவர்க்குக் கூரை. இதனால் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனையோ பேர். படிப்புக்கும் முதுமைக்கும் உள்ள தொடர்பை ஆசிரியர்கள் சிறப்பாகக் கருத வேண்டும். முதியோரின் இயலாமையை ஆராய்ந்த நாடுகள் பலவற்றிலும், குறைந்த கல்வி ஒரு முதன்மையான காரணமாகத் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. கல்வியுடையவர் உடல் நோகாத வேலையைப் பெறுகிறார். மருந்துச் சீட்டைப் படிக்கிறார். நோயைத் தொடக்கத்திலேயே அறிகிறார். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அப்பள்ளி ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர் என்ற அளவில் நின்றது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட சிறுமிக்கு அதுவும் வாய்க்கவில்லை. எழுபது வயதில் இரு வேறு மாத்திரைகளை நிறத்தால் மட்டும் அடையாளம் காணும் பாட்டி அச்சிறுமியே.

அதன்பின் தோட்டமே கரைந்தது. 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து உங்கு அசிஸ் வெளியிட்ட அறிக்கை, வேலையும் வீடும் ஒருசேர இழந்தோரின் நிலையை எடுத்துரைத்தது. அதனைத் தடுக்கவே துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தொடங்கினார். அச்சங்கம் சில தோட்டங்களைக் காத்தது. எல்லாவற்றையும் காக்க அதனால் இயலவில்லை. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. சிவப்பு அடையாள அட்டையோடு நின்ற பல்லாயிரவர் கப்பலேறினர். எஞ்சியோர் நகர்ப்புறக் குடிசைகளுக்கும், பின்னர் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்து சேர்ந்தனர்.

லயத்துக்குப் பல குறைகள் உண்டு. ஆயினும் அதன் முன்வாசலில் அமர்ந்தால் பத்து வீட்டார் முகத்தைப் பார்க்கலாம், கோயில் மணியைக் கேட்கலாம், அண்டை வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு சொம்பு வெந்நீர் கேட்கலாம். நகரில் கட்டப்பட்ட ஐந்து மாடிக் குடியிருப்புகள் பலவற்றில் மின்தூக்கி வைக்கப்படவில்லை. பிள்ளைகள் ஆலை வேலைக்குப் போனபின், நான்காம் மாடியில் பகல் முழுதும் தனித்திருக்கும் மூதாட்டிக்கு, கீழே கடைக்குப் போவது முதலில் நின்றுவிடுகிறது; பின்னர்க் கோயில்; பின்னர்த் தாழ்வாரத்துக்கு வருவதும். நடவாத கால் மேலும் வலுவிழக்கிறது. அப்போது அவர் காட்ஸ் குறித்த ஆறினுள் முதலாவதாகிய குளியலுக்கு மருமகளை எதிர்பார்த்திருக்கிறார். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் பேரர் இருவர் நாற்காலியோடு தூக்கிப் படியிறக்குகின்றனர்.