மறதிநோய் உள்ள பெரியவருக்கு ஆபரேஷனா? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் இதைப் படிச்சிடுங்க!

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில் இதெல்லாம் எப்போது வேண்டுமானாலும் வரக்கூடியதுதான். ஆனால், அந்தப் பெரியவருக்கு டிமென்ஷியா என்கிற மறதிநோயும் இருந்தால் கணக்கே வேறு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். டாக்டரும் 'சக்சஸ்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அன்றைக்கு ராத்திரியே அப்பா ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்குவார், கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார், பெற்ற மகளையே 'யாரு நீ?' என்று விரட்டுவார்.

'மறதி முத்திப்போச்சு' என்று குடும்பம் உடைந்துபோகும் இடம் இது. பதறாதீங்க. இப்படித் திடீரென்று மாறினால், அது பெரும்பாலும் டெலிரியம் எனப்படும் மனக்குழப்பமாக இருக்கும். மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக நகரும். டெலிரியம் சில மணி நேரத்தில், ஓரிரு நாளில் வந்துவிடும். காலையில் தெளிவாகப் பேசுவார், சாயங்காலம் சுவரோடு பேசுவார், பிறகு மறுபடியும் தெளிவார். இப்படி ஏறி இறங்குவதுதான் அதன் அடையாளம்.

மறதிநோய் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்ற பெரியவர்களைவிட அதிகம். காரணத்தைத் தேடினால் பல நேரம் உடம்பிலேயே கிடைத்துவிடும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடம்பில் தண்ணீர் வற்றியது, நாலு நாளாக மலம் போகாதது, சிறுநீர் அடைத்துக்கொண்டது, வாய்விட்டுச் சொல்லத் தெரியாத வலி, தூக்கமின்மை, புதிதாகச் சேர்ந்த ஒரு மாத்திரை... இவற்றில் ஒன்றோ, இரண்டு மூன்று சேர்ந்தோ இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் குழப்பமும் குறையும்.

கத்துகிறவரை வார்டே கவனிக்கும். சத்தமில்லாமல் சுருண்டு படுத்திருப்பவரை யாரும் கவனிக்க மாட்டார்கள். 'தாத்தா நல்லா தூங்குறாரு, தொந்தரவே இல்லை' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம். கூப்பிட்டால் கண் திறக்காமல், சாப்பாடு வேண்டாம் என்று, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கிடந்தால் அதுவும் டெலிரியமாக இருக்கலாம். அமைதியான வகை. தாமதமாகத்தான் கண்ணில் படும் என்பதால் ஆபத்தும் அதிகம்.

இங்கேதான் உங்கள் வேலை வருகிறது. டாக்டரும் நர்ஸும் உங்கள் அம்மாவை நேற்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். டிமென்ஷியா பேஷன்ட் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று அவர்கள் நினைத்துக்கொள்வது சுலபம். அம்மாவின் வழக்கமான நிலை என்ன என்று தெரிந்தவர் நீங்கள் மட்டும்தான். அதனால் தயங்காமல் சொல்லுங்க: 'இவங்க எப்பவும் இப்படி இருக்க மாட்டாங்க சிஸ்டர். நேத்து மதியம் வரைக்கும் நல்லா பேசினாங்க. டெலிரியமான்னு டாக்டரைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்க.' இந்த மூன்று வாக்கியம் போதும்.

கிளம்பும் முன்பே...

முதல் கேள்வி, இந்தச் சிகிச்சை இப்போது தேவையா? டாக்டரிடம் நேராகவே கேட்கலாம். 'இதைச் செய்யலைன்னா என்ன ஆகும்? செஞ்சா அவங்க அன்றாட வாழ்க்கையில என்ன மாறும்?' கண்புரையை எடுத்தால் பார்வை தெளியும், தடுமாறி விழுவது குறையும். அது லாபம். இடுப்பெலும்பு முறிவில் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் நல்லதல்ல. ஆனால், முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சையை மாற்றப் போவதில்லை என்கிற ஒரு ஸ்கேன் எதற்கு? காலையில் போய் மாலையில் திரும்புகிற டே கேர் முறை சாத்தியமென்றால் அதையே கேளுங்கள். பழகின படுக்கையில் தூங்குவதற்கு ஈடில்லை.

அடுத்து, ஒரு வெள்ளைத்தாள். அதில் பெரியவர் எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார் என்று எழுதுங்க. ரேஷன் கார்டில் சுப்பிரமணியன் என்றிருக்கும். 'வாத்தியாரய்யா' என்றால்தான் தலை திரும்பும். காது எது கேட்காது, பல்செட் உண்டா, கண்ணாடி உண்டா, பாத்ரூம் போக வேண்டுமென்றால் என்ன சைகை காட்டுவார், வலித்தால் என்ன செய்வார், எதற்குப் பயப்படுவார், எதைச் சொன்னால் அடங்குவார். இதை ஃபைலின் முன்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஷிஃப்ட் மாறி வரும் நர்ஸ் ஒவ்வொருவருக்கும் நீங்கள் கதை சொல்ல வேண்டாம்.

சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்க. மயக்க மருந்து டாக்டரிடம் மறதிக்கான மாத்திரைகளைத் தனியாகச் சொல்லுங்கள். முக்கியமாக டோனெபெசில். அது இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது, ஆபரேஷனின்போது தசை தளர்வதற்குக் கொடுக்கும் சில மருந்துகளோடும் மோதும். நீங்களாக நிறுத்தவும் கூடாது. சில அலர்ஜி, சளி மாத்திரைகளும், அடிக்கடி சிறுநீர் போவதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும், அல்பிரசோலாம், லோராசெபாம் போன்ற தூக்க மாத்திரைகளும் குழப்பத்தைக் கூட்டலாம். பார்க்கின்சன் நோயோ, லூயி பாடி வகை மறதிநோயோ இருந்தால் அதை ஃபைலில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்க. கத்துகிறவரை அடக்கக் கொடுக்கும் ஹாலோபெரிடால், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைட் இவர்களை மோசமாகப் பாதிக்கலாம்.

'முழு மயக்கம் வேண்டாம், முதுகுல ஊசி போட்டா குழப்பம் வராது' என்று சொந்தக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். அமெரிக்கா, கனடாவில் இடுப்பெலும்பு முறிந்த 1600 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், இரண்டு முறையிலும் டெலிரியம் ஏறத்தாழ ஒரே அளவுதான் வந்தது. எது பொருத்தம் என்பதை டாக்டரே முடிவு செய்யட்டும்.

வெறும் வயிறும் தாலிக் கயிறும்

பொதுவாக ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பே திட உணவை நிறுத்துவார்கள். 2 மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று பல இடங்களில் அனுமதிப்பார்கள். மறதி உள்ளவருக்குச் 'சாப்பிடக் கூடாது' என்பது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். பக்கத்துப் படுக்கைக்காரரின் இட்லி கண்ணில் பட்டால் போச்சு. அன்றைய முதல் கேஸாக எடுக்கச் சொல்லிக் கேளுங்க. பசியும் காத்திருப்பும் பாதியாகும்.

தியேட்டர் வாசலில் தாலி, வளையல், மெட்டியைக் கழற்றச் சொல்லும்போது பல அம்மாக்கள் மிரண்டுவிடுவார்கள். யாரோ தெரியாதவர்கள் தாலியில் கை வைக்கிறார்கள் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். முந்தைய நாளே வீட்டில், சாமி படத்துக்கு முன் அவர் கையாலேயே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிவிடுங்கள். எம்.ஆர்.ஐ. எடுப்பதென்றால் காது மெஷினும் கழற்ற வேண்டும், சத்தமும் அதிகம். உள்ளே போகும் முன்பே தொட்டுக் காட்டிச் சொல்லிவிடுங்க.

கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டு கையிலேயே வைத்திருங்கள். மயக்கம் தெளிந்ததும் முதல் வேலை அவற்றை மாட்டிவிடுவது. கண்ணும் காதும் இல்லாமல் விழித்தால் யாருக்குத்தான் குழம்பாது?

அட்டெண்டர் என்றால் சும்மா இல்லை

இங்கிலாந்தில் ஜான் ஜெரார்டு என்ற மறதிநோயாளி 2014-ல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, பார்வையாளர்களுக்குக் கட்டுப்பாடு இருந்ததால் குடும்பத்தினர் அருகில் இருக்க முடியாமல், வீடு திரும்பும்போது நடக்கக்கூட முடியாதவராக ஆனார். அதே வருடம் நவம்பரில் இறந்தும் போனார். அவர் மகளும் எழுத்தாளருமான நிக்கி ஜெரார்டு, 'மறதிநோயாளியோடு குடும்பத்தினர் தங்க அனுமதி வேண்டும்' என்று அப்பாவின் பெயரிலேயே ஒரு இயக்கம் தொடங்கினார். அவர்கள் போராடிக் கேட்டது, நம் ஊரில் அட்டெண்டர் பாஸ் என்ற பெயரில் சாதாரணமாகவே கிடைக்கிறது. நாம்தான் அந்த பாஸை செல்போன் பார்த்துக் கழிக்கிறோம்!

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் 70 வயதைக் கடந்த 852 பேரிடம் ஒரு ஆய்வு செய்து 1999-ல் வெளியிட்டார்கள். நாள், இடம் சொல்லிக்கொண்டே இருப்பது, தண்ணீர் குடிக்கவைப்பது, நடக்கவைப்பது, ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்கவைப்பது, கண்ணாடி - காது மெஷின் மாட்டிவிடுவது... இவ்வளவுதான் செய்தார்கள். வழக்கமான கவனிப்பில் 100-க்கு 15 பேருக்கு வந்த டெலிரியம், இவர்களில் 100-க்கு 10 பேருக்குத்தான் வந்தது. இதில் எதற்கும் எம்.பி.பி.எஸ். தேவையில்லை. எப்போது எழுந்து நடக்கலாம் என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மயக்கம் தெளியும் அறையிலும், முடிந்தால் ஐ.சி.யூ-விலும் ஒரு தெரிந்த முகம் நிற்க அனுமதி கேளுங்க. முன்கூட்டியே கேட்டால் பல டாக்டர்கள் சம்மதிப்பார்கள். ஆள் மாற்றி ஆள் இருப்பதென்றால் இரண்டு, மூன்று பேருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இரவில் பெரியவருக்கு ரொம்பப் பழகியவரே இருக்கட்டும். வீட்டுப் போர்வை ஒன்று கொண்டுபோங்க. பகலில் ஜன்னல் திரையைத் திறந்துவையுங்கள், ராத்திரி மங்கலான ஒரு விளக்கு எரியட்டும்.

ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறாரா? மேலே கட்டுத்துணி சுற்றி, முழுக்கைச் சட்டை போட்டு மறைக்க முடியுமா என்று சிஸ்டரிடம் கேளுங்க. கண்ணில் படாதது கைக்கும் படாது. சிறுநீர் டியூப் இருந்தால் 'இன்னிக்கு எடுத்துடலாமா டாக்டர்?' என்று தினமும் கேளுங்கள். தொற்றுக்கும் எரிச்சலுக்கும் அது முக்கியக் காரணம். கையைக் கட்டிப்போடுவது கடைசி வழி. கட்டினால் மிரட்சி கூடும், காயமும் ஆகும்.

வலியை அவர் சொல்ல மாட்டார். முகம் சுளிப்பது, ஒரு பக்கத்தைத் தொடவிடாமல் காப்பது, முனகுவது இவற்றைப் பாருங்கள். 'கேட்டால் கொடுக்கலாம்' என்று எழுதிய வலி மாத்திரை, கேட்கத் தெரியாதவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. நேரக்கணக்கில் எழுதித் தரச் சொல்லுங்க. அரைத் தூக்கத்தில் இருப்பவர் வாயில் கஞ்சியோ மாத்திரையோ ஊற்றவே ஊற்றாதீங்க. நுரையீரலுக்குள் போய்விடும். நிமிர்ந்து உட்காரவைத்து, நன்றாக விழித்திருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

'வீட்டுக்குப் போகணும்' என்று அவர் நூறு தடவை கேட்டாலும் வாதாட வேண்டாம். 'டாக்டர் பார்த்ததும் போலாம்ப்பா, அதுவரைக்கும் நான் இங்கேயேதான் இருக்கேன்' என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுந்து நடந்துவிடுகிறவர் என்றால், வாசலுக்குத் தள்ளி, நர்ஸ் கண் பார்வையில் இருக்கும் படுக்கையைக் கேளுங்க. அன்றைய உடையோடு ஒரு போட்டோ உங்கள் போனில் இருக்கட்டும்.

பார்வை நேரத்தில் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வரும் சொந்தங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். படுக்கையைச் சுற்றி நின்றுகொண்டு 'என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லுங்க பார்ப்போம்' என்று பரீட்சை வைக்காதீங்க. 'நான் உங்க தங்கச்சி மக கீதா வந்திருக்கேன் மாமா' என்று நீங்களே சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

டிஸ்சார்ஜ் அன்று, ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த மாத்திரைகளில் எதை எத்தனை நாளில் நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். குழப்பத்துக்காகத் தொடங்கிய தூக்க மருந்து வீட்டில் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பது சகஜம். வீட்டுக்கு வந்ததும் பழைய ஆள் திரும்பிவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீங்க. டெலிரியம் முழுசாக விலக வாரக்கணக்கில்கூட ஆகலாம், சிலருக்குப் பழைய நிலை முழுவதும் திரும்பாமலும் போகலாம். முதல் சில நாள்கள் பாத்ரூமுக்குக் கூடவே போங்க, தரையில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்க. காய்ச்சல், சாப்பிட மறுப்பது, சிறுநீர் குறைவது, திடீரென்று அதிகமாகத் தூங்குவது இதில் எது வந்தாலும் ரிவ்யூ தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.